கப்டன் சாமியின் பிறந்த நட்சத்திரம்

12 மார்ச் 1996, செவ்வாய்

மழை இல்லை. காலையில் இரத்த அழுத்தம் 148/86. புக்கிட் மெலாத்தித் தோட்டத்திலிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம். மூன்று முறை வாசித்தேன். மனம் ஒழுங்கில் இல்லாதபடியால், இதைப் பற்றி எழுதப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. கடிதம் என்ன கேட்கிறது.
2. கப்டன் முனிங்ஸ் எப்படி இறந்தார். ஊகம் சேர்க்காமல்.
3. இறந்த பிறகு அவர் எப்படிச் சாமியானார். அதில் என் பங்கு.
4. அவர் குடும்பத்தில் எவரேனும் இருந்தால் கண்டுபிடித்து, சாமி விஷயத்தை மூச்சுவிடாமல், பிறந்த நேரத்தை மட்டும் கேட்டு வாங்குவது.
5. அன்று அவர் தனியே போக நேர்ந்ததற்குக் காரணம் நான். இது நாற்பது வருடமாகத் தெரிந்ததே, விளக்கம் வேண்டியதில்லை. வரிசை முழுமையாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

14 மார்ச், வியாழன்

முதலாவது. கடிதம் எழுதியவர் முருகையா. நான் பேராக்கில் அந்தத் தோட்டத்துக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், கிராணி என்கிற கிளார்க்காக இருந்த நாளில் அவருடைய தகப்பனார் அங்கே ஆட்களை மேற்பார்த்த மண்டோர். இப்போது இவர் "அருள்மிகு கப்டன் முனீஸ்வரர் ஆலயத் திருப்பணிக் குழு"வின் தலைவர். சாலையை அகலப்படுத்துகிறார்களாம். கோயிலை இருநூறு மீற்றர் உள்ளே தள்ளிக் கட்டியாகிவிட்டது. ஜூலை 7 குடமுழுக்கு. சாமியின் பிறந்த நட்சத்திரம் என்ன, பிறந்த ஊர் மண்ணில் ஒரு பிடி கிடைக்குமா என்று புதிதாக வந்த குருக்கள் கேட்கிறாராம். "சாமி பிறந்த நாட்டிலேயே கிராணி ஐயா குடியேறியிருப்பது சாமியின் சித்தம்" என்று முடித்திருக்கிறார்.

என் சித்தம்கூட அல்ல அது. மகன் நவினுக்கு இங்கே நியூசிலாந்தில் வேலை கிடைத்தது. என்னையும் அழைத்துவந்தார்கள்.

17 மார்ச், ஞாயிறு

இரண்டாவது. 1956. பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், காட்டைச் சுற்றிப் பட்டாளம். கப்டன் ஹரல்ட் முனிங்ஸ் நியூசிலாந்துக்காரர், முப்பத்துநான்கு வயது. செவ்வாயும் வெள்ளியும் பிற்பகல் இரண்டரைக்கு எங்கள் கந்தோருக்கு வருவார். "வெளிநபர் நடமாட்ட அறிக்கை, படிவம் 9-ஆ" என்று ஒரு தாள். மூன்று பிரதி. நான் நிரப்பி, ஒவ்வொன்றிலும் தோட்ட முத்திரை குத்தி, மை காய்ந்த பிறகு கொடுக்கவேண்டும். மூன்றே காலுக்கு மரம் ஏற்றிய லொறி ஒன்று காவலோடு கந்தோரைக் கடந்து போகும். அவருடைய ஜீப் அதன் பின்னால் போகும். அதுதான் பாதுகாப்பு ஏற்பாடு.

மை காயும்வரை விசிறிக்குக் கீழே நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவார். லொறிச் சத்தம் கேட்டதும் எழுந்துகொள்வார். கடைசி வாரம் மட்டும் இரண்டு தடவையும் எழும்பவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய்க்கிழமை லொறி போய்ப் பதினொரு நிமிடம் கழித்துத் தானாகவே எழுந்து, நன்றி சொல்லி, படிவங்களை எடுத்துக்கொண்டு போனார். எட்டாம் மைல் வளைவில் கம்யூனிஸ்டுகள் காத்திருந்தார்கள். சாரதிக்குக் கையில் காயம். கப்டன் அங்கேயே.

அந்தப் பதினொரு நிமிடமும் நான் அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு தடவை செருமினேன். தோளைத் தொட்டு எழுப்பியிருக்கலாம். ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் தோள் — எப்படித் தொடுவது? சேர் என்று சத்தமாகக் கூப்பிட்டிருக்கலாமே. கூப்பிடவில்லை.

ஐந்தாவதைப் பற்றி எழுதத் தேவையில்லை என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டேன்.

18 மார்ச்

இரத்த அழுத்தம் 160/92. எழுதாமல் இருந்திருக்கலாம்.

20 மார்ச், புதன்

மூன்றாவது. வளைவில் ஒரு நினைவுப் பலகை வைக்கத் தோட்ட மேலாளரான துரை ஏற்பாடு செய்தார். ஆங்கில வாசகம் அவருடையது, தமிழ் என் பொறுப்பு. "இத்தோட்டத்தைக் காத்து நின்ற அமரர் கப்டன் முனிங்ஸ்" என்று எழுதிக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வழக்கப்படி அமரர் என்றால் காலமானவர். கலியாண அழைப்பிதழில்கூட அமரர் இன்னாரின் பேரன் என்று போடுவோம். தொழிலாளர்களோ சேலம், திருச்சிப் பக்கத்து ஆட்கள். அவர்கள் அமரரைக் கேட்டதெல்லாம் கூத்தில்தான். அமரர் என்றால் தேவர்கள். தோட்டத்தைக் காத்து நிற்கிற தேவர் என்று கிராணியே எழுதிப் போட்டிருக்கிறாரே.

அடுத்த மழைக்காலத்தில் "ங்" என்ற ஓர் எழுத்து மட்டும் அழிந்துபோனது. மிச்சம்: கப்டன் முனிஸ்.

முதலில் ஓர் எலுமிச்சம்பழம். பிறகு சூலம். பிறகு சுருட்டும், ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர்ப் போத்தலும். எலுமிச்சம்பழம் எதற்கு என்று துரை கேட்டார். மரியாதை செய்கிறார்கள் என்றேன். அது பொய்யல்ல. பலகையைத் திருத்தி எழுதவேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தேன். கோப்பை யாரும் திறக்கவில்லை. நானும்தான்.

23 மார்ச், சனி

கடிதத்தை மருமகள் சுரேகா பார்த்துவிட்டாள். அவள் ஈப்போக்காரி. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவளோ முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கடிதத்தைச் சாமிப் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பிரித்தாள்.

நான் முனிங்ஸ் என்று சொன்னதும் கோபம் வந்துவிட்டது. "மாமா, அப்படி மொட்டையா பேரச் சொல்லாதீங்க. கேப்டன் சாமின்னு சொல்லுங்க. நமக்கு இங்க ரெசிடென்ஸ் எப்படிக் கெடைச்சதுன்னு நெனைக்கிறீங்க? ரெண்டு வாட்டி ரிஜெக்ட் ஆன ஃபைலு. அங்க போயி பாஸ்போர்ட் காப்பிய சூலத்துல குத்திட்டு வந்தேன்லா. மூணே வாரம்."

நியூசிலாந்து விசாவுக்கு அந்தச் சாமி கைகண்ட தெய்வமாம். சொந்த நாடு அல்லவா. ஈப்போ, தைப்பிங், பினாங்கிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். அவுஸ்திரேலியாவுக்கு அவ்வளவு பலிப்பதில்லையாம்.

ஆக, நான் எழுப்பாமல் விட்ட மனிதர் என்னைத் தம் நாட்டுக்கே வரவழைத்து, கிளென்ஃபீல்டில் மூன்று அறை வீட்டில் குடியும் வைத்திருக்கிறார். இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

29 மார்ச், வெள்ளி

தொலைபேசிப் புத்தகத்தில் முனிங்ஸ் மூன்று பேர். என்ன சொல்வது என்று எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். முதலாமவர் வீட்டில் இல்லை. இரண்டாமவர் கூரைத் தகடு போடுகிறவர். நான் பேசி முடிப்பதற்குள் விலாசத்தை வாங்கிக்கொண்டார். பின்னேரம் ஏணியோடு வந்து கூரையில் ஏறிவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. மேற்குப் பக்கம் ஒழுகுகிறதாம். நவின் வந்து கதைத்து அனுப்பினான்.

2 ஏப்ரல், செவ்வாய்

மூன்றாவது எண். மிஸ் ஈனிட் முனிங்ஸ், எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை, பாப்பகுராவில் இருக்கிறார். ஆமாம், ஹரல்ட் என் அண்ணன் என்றார். நான் எழுதி வைத்திருந்ததில் அடுத்த வரியைத் தவறவிட்டுவிட்டேன். தாங்கள் நலமா என்று இரண்டாம் தடவையும் கேட்டேன். இரண்டாம் தடவையும் நலம் என்றார்.

10 ஏப்ரல், புதன்

சுரேகாவுக்கு மனுகாவில் வேலை. காலையில் அவளோடு போய் அங்கிருந்து பஸ் எடுத்தேன். மிஸ் முனிங்ஸ் நெட்டையான அம்மா. கப்டனுடைய அதே நெற்றி. தேநீரும் ஸ்கோனும் தந்தார். உள்ளூர் வரலாற்றுப் பதிவு ஒன்றுக்காக விவரம் சேர்க்கிறேன் என்று, எழுதி வைத்திருந்த பொய்யைப் பார்த்து வாசித்தேன். பிறந்த திகதி தந்தார். பிறந்த இடம் தகனினியில் ஒரு பால் பண்ணை. இப்போது அங்கே வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்களாம்.

பிறந்த நேரம் கேட்டேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளைப் பார்த்த பார்வை.

"எந்த வரலாற்றுப் பதிவுக்கு மணி வேணும், மிஸ்டர் ரத்தினம்?"

நான் இராசரத்தினம். திருத்தவில்லை. மணி தெரிந்தால் பதிவு முழுமையாக இருக்கும் என்றேன். மாடு கறக்கிற நேரத்தில் பிறந்தான் என்று அம்மா சொல்லுவார் என்றார். நன்றி சொல்லி எழுந்து, பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, மாட்டை ஒரு நாளில் இரண்டு தடவை கறப்பார்கள். திரும்பிப் போய்க் கேட்கத் துணிவில்லை.

13 ஏப்ரல், சனி

முருகையா தொலைபேசியில். கிடைத்தவரைக்கும் சொன்னேன்.

"காலக் கறவையா சாயந்தரக் கறவையா கிராணி ஐயா? நட்சத்திரம் மாறிப்போகும்னு குருக்கள் தலையில அடிச்சுக்கிறாரு. உங்க ஊருல மணி வேற நாலு மணி நேரம் முன்னாடி ஓடுதாம். அந்தக் காலத்து மணி வேறயாம். இதுல நீங்க மாட்டப் புடிச்சிக்கிட்டு நின்னா எப்படி?"

இன்னொன்றும் கேட்டேன். நெடுநாளாக மனத்தில் இருந்தது. கப்டன் மெதடிஸ்ட். குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார். சட்டைப்பையில் பெப்பர்மிண்ட் மட்டும் இருக்கும். ஸ்டவுட்டும் சுருட்டும் வைப்பது சரியா?

முருகையா சொன்னார்:

"நாப்பது வருஷமா குடிச்சிட்டாருங்க. இப்பப் போயி குடிக்கமாட்டாருன்னா, குடிச்ச கணக்க யாரு தலையில வைக்கிறது?"

குடிச்ச கணக்கு என்று எழுதி, எதிரே இடம் விட்டிருக்கிறேன்.

25 ஏப்ரல், வியாழன்

அன்சாக் தினம். போரில் இறந்தவர்களுக்காக நாடு முழுவதும் விடுமுறை. மிஸ் முனிங்ஸ் கூப்பிட்டிருந்தார். நவின் காரில் கொண்டுபோய் விட்டான். மண்டபத்தில் பெயர்களை வாசித்தார்கள். அவருடைய அண்ணனின் பெயரை வாசித்தவர் "மன்னிங்" என்றார். அந்த அம்மா தொப்பியை மட்டும் சரிசெய்துகொண்டார்.

பிறகு அவர் வீட்டில் சொன்னார்: "ஒவ்வொரு வருஷமும் தப்பாத்தான் வாசிக்கிறாங்க. இனி அவனைக் கேட்டு வர யாருமில்லை. நான் போனபிறகு அந்தத் தப்பான பேரையும் வாசிக்கமாட்டாங்க."

என்ன நேர்ந்தது எனக்கு என்று தெரியவில்லை. நாலாவது தலைப்பில் மூச்சுவிடுவதில்லை என்று எழுதியிருக்கிறேன். ஆனால் சொல்லிவிட்டேன். அழிந்த ஓர் எழுத்து, சூலம், சுருட்டு, ஸ்டவுட், குடமுழுக்கு, விசா, என் மருமகளின் பாஸ்போர்ட் எல்லாவற்றையும். வெள்ளிக்கிழமைகளில் நூறு பேர், ஆடி மாதத்தில் இரண்டாயிரம் பேர், எல்லாரும் அவருடைய பெயரைச் சொல்லித்தான் கும்பிடுகிறார்கள் என்றேன். பெயரில் ஓர் எழுத்துத்தான் குறைவு என்றேன்.

அந்த அம்மா கையால் வாயை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்துக் கைக்குட்டையைத் தேடினேன். சிரிப்பு. தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு.

"ஹரல்டா? ஸ்டவுட்டா? ஞாயிற்றுக்கிழமை பந்துகூட விளையாடமாட்டான்."

காலைக் கறவையாம். அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாராம், ஒரு மாடு அதை உதைத்துக் கவிழ்த்ததாம். ஐந்து மணிக்கும் ஐந்தரைக்கும் இடையில். போதுமா என்று கேட்டார். எழுதிக்கொண்டேன்.

அத்தோடு எழுந்து வந்திருக்கவேண்டும். எழுந்திருக்கவில்லை. ஐந்தாவதையும் சொன்னேன். லொறி, பதினொரு நிமிடம், செருமியது. ஆங்கிலத்தில் சொல்ல எளிதாக இருந்தது. என் பாஷையில் சொல்லியிருக்கமாட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து, "உங்கள் மகன் கார் வந்திருக்கு, மிஸ்டர் ரத்தினம்" என்றார். அவ்வளவுதான்.

26 ஏப்ரல்

ஏன் சொன்னேன்? யாருக்கு என்ன பிரயோசனம்? அந்த அம்மா சிரிச்சுக்கொண்டிருந்த நேரத்தில் — ஒரு கிழவிக்கு நாற்பது வருஷத்துக்குப் பிறகு கிடைச்ச சிரிப்பு. அதையும் நானே பறிச்சுப்போட்டன்.

4 மே, சனி

நட்சத்திரம் அனுப்பியாகிவிட்டது. குருக்களுக்குத் திருப்தி. பாப்பகுராவிலிருந்து ஒன்றும் இல்லை.

19 மே, ஞாயிறு

மண். நவினும் சுரேகாவும் நானும் தகனினிக்குப் போனோம். பண்ணை இருந்த இடத்தில் புது வீடுகள், பாதி கட்டினபடி. காவற்காரர் எதற்கு என்று கேட்டார். கோயிலுக்கு என்று சுரேகா உண்மையைச் சொன்னாள். அவர் வாளியும் மண்வெட்டியும் கொடுத்தார். ஒரு பிடிதான் வேண்டும் என்பதை அவருக்கு விளங்கவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. களிமண். சுரேகா செருப்பைக் கழற்றிவிட்டு எடுத்தாள்.

மண்ணைப் பொட்டலம் கட்டும்போது நான் கேட்டேன், அந்த அம்மாவுக்கு இன்னொரு தடவை தொலைபேசி எடுக்கலாமா என்று.

"நீங்க எடுக்காதீங்க மாமா. அவங்க கோவத்துல இருந்தா கோவமா இருக்கட்டும். அது அவங்க அண்ணன்."

சரிதான்.

9 ஜூன், ஞாயிறு

முருகையா தொலைபேசி. மண் கிடைத்துவிட்டதாம். குழுக் கூட்டத்தில் ஸ்டவுட் விஷயம் இரண்டு மணி நேரம் நடந்ததாம். சாமியாடியிடமே கேட்டார்களாம். சாமி வந்து, எனக்கு ரெண்டும் வேணும் என்றதாம். ஆகவே இனிமேல் ஸ்டவுட் ஒரு பக்கம், பெப்பர்மிண்ட் ஒரு பக்கம். எதை எடுத்துக்கொள்கிறாரோ அது அவர் விருப்பம்.

புதுப் பலகையில் அமரர் என்று போடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "யோசிச்சுச் சொல்லுறதுக்குள்ள இன்னொரு கும்பாபிஷேகம் வந்துரும்" என்று வைத்துவிட்டார்.

22 ஜூன், சனி

அமரர் இருக்கட்டும் என்று தந்தி மாதிரி ஒரு வரியில் எழுதிப் போட்டேன். இரண்டு அர்த்தமும் இப்போது சரிதான்.

பாப்பகுராவிலிருந்து ஒன்றும் இல்லை. எட்டு வாரம்.

7 ஜூலை, ஞாயிறு

குடமுழுக்கு நடந்தது. சுரேகா இங்கே பொங்கி வைத்தாள். பேத்தி அஞ்சனா, எந்த சாமி என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நம்மூர் சாமி என்றாள் சுரேகா. எந்த ஊரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

16 ஜூலை, செவ்வாய்

இரத்த அழுத்தம் பார்க்கவில்லை.

மிஸ் முனிங்ஸிடமிருந்து தடித்த உறை. முன்பக்கத்தில் நாலு வரி: அண்ணனின் கடிதங்கள் உறவினர் ஒருவர் வீட்டுக் கராஜில் பெட்டிகளுக்கு அடியில் இருந்தன, இடுப்பு வலியோடு தேடி எடுக்க இவ்வளவு நாளாயிற்று, நீங்கள் என்ன நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும், மன்னிக்கவும். கடைசிக் கடிதத்தின் ஒளிப்பிரதி இத்துடன். இறந்த செய்தித் தந்தி வந்து ஆறாம் நாள் வந்த கடிதமாம். அதில் வருகிற கிளார்க் யார் என்று தனக்கு நாற்பது வருடமாகத் தெரியாது என்கிறார்.

இறந்த செவ்வாய்க்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எழுதியது. அதன் ஒரு பகுதியை இங்கே தமிழில் எழுதிவைக்கிறேன். மொழிபெயர்ப்பு என்னுடையது, ஆகவே பிழை இருக்கலாம்.

"முகாமில் தூங்க முடிவதில்லை, ஈனிட். கண்ணை மூடினால் யாராவது ஒரு பையன் வந்து என்ன செய்வது என்று கேட்கிறான். ஆகவே ஒரு தந்திரம் செய்திருக்கிறேன். நானே ஒரு படிவத்தைக் கண்டுபிடித்துத் தட்டச்சு செய்தேன். 9-ஆ என்று எண்ணும் போட்டேன். 9-அ கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் அதை எடுத்துக்கொண்டு ஒரு தோட்டத்துக் கந்தோருக்குப் போகிறேன். அங்கே ஒரு கிளார்க் இருக்கிறார், சாதுவான மனிதர். அதை மூன்று பிரதியில் அவ்வளவு சிரத்தையாக நிரப்புவார். மை காயும்வரை நான் விசிறிக்குக் கீழே கிடப்பேன். இந்த வெள்ளிக்கிழமை லொறி போகிற சத்தம் நன்றாகக் கேட்டது. எழுந்திருக்க மனமில்லை. கண்ணைத் திறக்காமலே கிடந்தேன். அந்தப் பாவம் மனிதர் என் முன்னால் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ஒரு தடவை செருமினார். எழுப்பவில்லை. இந்த நாட்டில் என்னை எழுப்பாத ஒரே ஆள் அவர்தான். செவ்வாய்க்கிழமையும் அப்படியே செய்வதாக இருக்கிறேன்."

இரண்டு விஷயம்.

ஒன்று: கப்டன் இறந்த பிறகும் 1960இல் அவசரகாலம் முடியும்வரை படிவம் 9-ஆவை வாரத்தில் இரண்டு நாள் மூன்று பிரதியில் நிரப்பி, முத்திரை குத்தி, மாவட்டத் தலைமையகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட யாரும் திருப்பி அனுப்பவில்லை. அது முறையான படிவம் என்பதற்கு அதையே சான்றாக வைத்திருந்தேன்.

மற்றது. வெள்ளிக்கிழமையும் செருமியிருக்கிறேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. அவர் விழித்துக்கொண்டு கிடந்தார். லொறியைக் கேட்டார், என்னையும் கேட்டார். எழுப்பாத ஆள் என்பதால்தான் என்னிடம் வந்தார்.

பின்னேரம் முழுவதும் இதை வைத்துக்கொண்டு இருந்தேன். அவரைத் தொட்டு எழுப்பியிருந்தால்? அப்படியும் யோசித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டே இன்னும் கொஞ்சம் என்றிருப்பார். நான் நின்றிருப்பேன்.

மார்ச் 12 அன்று எழுதிய வரிசையில் ஐந்தாவது தவறு. கந்தோர் முறைப்படி, அடியில் இருப்பதை வாசிக்கக்கூடியதாக ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் திகதியிட்டுச் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன்.